ஐம்பதாவது மழைக்காலம்

நவம்பர் 5, செவ்வாய்

மழை இல்லை. மூட்டம் விலகவே நண்பகலாகிவிட்டது. மூன்றாம் நம்பர் அறையில் கீசர் ஓடவில்லை. கம்பளிகளை வெயிலில் போடச் சொன்னேன். வெயில் வந்த வேகத்தில் போய்விட்டது.

கௌதம் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டான். கூடவே ஜெரால்டு என்று ஒரு படக்காரர். விடுதி தொடங்கி ஐம்பது வருடம் ஆகிறதல்லவா, பொங்கலுக்கு விழா வைத்து ஒரு படம் போட்டுக் காட்டப் போகிறானாம்.

"வெறும் ரூம், வியூன்னு காட்டினா எவனும் பாக்க மாட்டாம்மா. அதெல்லாம் எல்லா ரிசார்ட்லயும் இருக்கு. நம்மகிட்ட கதை இருக்கு. தாத்தா காலத்துலருந்து எத்தனை புயல் பாத்த வீடு இது. புயல் புயலா சொல்லிக்கிட்டே போனா அதுதான் நம்ம ஹிஸ்டரி."

நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு நாலு வருடமாக என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. சமையலறைச் சாவியும் கம்பளி அலமாரிச் சாவியும் மட்டும்தான் இப்போது என்னிடம் இருக்கின்றன.

நவம்பர் 9, சனி

காலையில் பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெரால்டு விளக்கு வைத்தார்.

மாமா இந்த விடுதியைத் தொடங்கிய கதையிலிருந்து ஆரம்பித்தேன். வத்தலக்குண்டில் அரிசி மில் வைத்திருந்தவர் மலை ஏறி, பூசாரிக்கானலில் ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களாவை வாங்கினார். கொடைக்கானலுக்குப் போகிற வழியில் பாதி மலையில் யார் வந்து தங்குவார்கள் என்று எல்லாரும் சிரித்தார்களாம். பெரிய எழுத்தில் சண்முகவேல் என்று தன் பெயரையே போர்டில் போட்டார். அந்தப் பெயரைத்தான் கௌதம் இரண்டு வருடம் முன்பு எடுத்துவிட்டு 'தி கானல்' என்று மாற்றினான்.

எழுபத்தேழு நவம்பர் புயலைச் சொன்னேன். அப்போது நான் இங்கே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அத்தை சொல்லிச் சொல்லி நானே பார்த்தது போல ஆகிவிட்டது. பாதை உடைந்து, விறகெல்லாம் நனைந்து, வந்தவர்கள் குளிரில் நடுங்கியபோது மாமா கோடாரி எடுத்துத் தன் தேக்குக் கட்டிலை உடைத்துக் கணப்பில் போட்டார். பிறகு நாற்காலிகள். கடைசியில் சாப்பாட்டு மேசை. இது உண்மை. மேசையின் ஒரு கால் மட்டும் எரியாமல் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"சூப்பர்" என்றான் கௌதம். "இதுதான் ஓப்பனிங்."

நவம்பர் 10, ஞாயிறு

தொண்ணூற்றிரண்டு.

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். "அந்தப் புயல் பெருசாமேம்மா, ஒரு ஜட்ஜைக் காப்பாத்தினாங்களாமே" என்று கேட்டான். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை.

மூன்று நாளாக மழை. கீழே பாதையில் மரங்கள் விழுந்து கிடந்தன, ஜீப் ஒன்றுதான் ஒதுங்கிப் போகும். எங்களிடம் ஒரே ஒரு ஜீப். என் மகள் சுகந்தி எட்டு மாதக் குழந்தை. முதல் நாள் காய்ச்சல், இரண்டாம் நாள் பால் இறங்கவில்லை, மூன்றாம் நாள் காலையில் கண் மேலே சொருகியது. கொண்டுபோய்விடலாம் என்று ஜீப்பைத் துடைத்து நிறுத்திவைத்திருந்தார் என் வீட்டுக்காரர். அந்த நேரம் பார்த்து ஜட்ஜுக்கு நெஞ்சு வலி. எங்களிடம் தங்கியிருந்த ரிட்டயரான ஜட்ஜ். அவரைப் படுக்கவைத்து, பக்கத்தில் அவர் சம்சாரம், அவர் மைத்துனர். ஒரு ஓரமாக நானும் பிள்ளையோடு உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அந்த அம்மா, "ஜுரம்னா தொத்துமோ என்னமோ" என்றார்.

மாமா என்னைப் பார்த்துச் சொன்னார். "நம்ம பிள்ள நம்ம வீட்டுல இருக்கு. அவரு நம்மள நம்பி வந்தவரு. ஜீப்பு திரும்பி வரும்ல, அடுத்த நடையில நீ போ."

இவர்தான் ஓட்டிக்கொண்டு போனார். ஜீப் இறங்கிய பிறகு பாலம் போய்விட்டது. அடுத்த நடை வரவில்லை. மறுநாள் மத்தியானம் சுகந்தி போய்விட்டாள்.

ஜட்ஜுக்கு வாயுத் தொல்லைதானாம். அதன் பிறகு சாகும்வரை ஒவ்வொரு மே மாதமும் குடும்பத்தோடு வந்தார். காபி டிகாஷன் கெட்டியாக இருக்க வேண்டும் அவருக்கு. நான்தான் போடுவேன்.

அத்தை கேட்டவர்களிடம் எல்லாம், "பிறந்ததுலருந்தே சவலப் பிள்ள" என்று சொன்னார். சவலை இல்லை. நல்ல எடை. காதுக்குப் பின்னால் மடிப்பு விழும்.

இதையெல்லாம் சொன்னேன். ஜெரால்டு விளக்கை அணைத்துவிட்டுப் படியில் போய் நின்றுகொண்டார். "எனக்கு இது தெரியாதேம்மா" என்றான் கௌதம். அப்புறம் போன் வந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

தூறல். சமையலறையில் பாண்டியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள், "அன்னைக்குப் படக்காரருகிட்டச் சொன்னீகளே பெரியம்மா, பாப்பாவுக்கு என்ன பேரு வச்சீக?"

சொன்னேன்.

"நல்ல பேரு" என்றாள். "இருந்திருந்தா எம்மக தமிழரசிக்கு அக்கா மாதிரி இருந்திருக்கும்."

பாண்டியம்மாள் இங்கே வேலைக்கு வந்து பதினைந்து வருடம் இருக்கும். புருஷன் இல்லை. மகள் திண்டுக்கல்லில் நர்ஸ் படிப்பு, கடைசி வருடம். பாத்திரம், துணி, அறை சுத்தம், ஆள் வராத நாளில் சமையல் எல்லாம் இவள்தான். தினமும் பார்க்கிற முகம். ஆனால் முப்பத்திரண்டு வருடத்தில் அந்தப் பெயரைக் கேட்ட முதல் ஆள் இவள். அதை அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 20, புதன்

கௌதம் படத்தைப் போட்டுக் காட்டினான். இன்னும் முடியவில்லை, பாதிதானாம்.

எழுபத்தேழு நன்றாக வந்திருக்கிறது. தீயைக் காட்டுகிறார்கள். பிறகு தொண்ணூற்றிரண்டு. நான் பேசுகிறேன். "ஒரே ஒரு ஜீப்" என்கிறேன். "அவரு நம்மள நம்பி வந்தவரு" என்கிறேன். வயலின். பிறகு ஒரு ஆண் குரல் கணீரென்று சொல்கிறது: சொந்தப் பேத்தி உயிருக்குப் போராடியபோதும் விருந்தினரே முதலில் என்று முடிவெடுத்த குடும்பம் இது. பிறகு மாமாவின் போட்டோ. பிறகு விடுதியின் பெயர்.

"இது இப்படி இல்லடா" என்றேன்.

"நீங்க சொன்னதுதானம்மா. ஒரு வார்த்தை நான் சேக்கல. நீளமா இருந்ததைச் சின்னதாக்கினேன், அவ்வளவுதான்."

"நான் அதைப் பெருமைக்குச் சொல்லல."

"கேக்கறவங்க அழுவாங்கம்மா. ஆபீஸ்ல போட்டுக் காட்டினேன், ரெண்டு பேர் அழுதாங்க. பாப்பா பேர் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். இப்ப எல்லாருக்கும் தெரியப் போவுது."

பெயர் படத்தில் இல்லை. அதைச் சொன்னேன். சேர்த்துவிடுகிறேன் என்று போனில் குறித்துக்கொண்டான்.

இரவுக்குச் சப்பாத்தி, குருமா. ஏழு பேர்.

நவம்பர் 22, வெள்ளி

தலைவலி. சமையலறைப் பக்கம் போகவில்லை. பாண்டியம்மாள் பார்த்துக்கொண்டாள். சுக்குப் பற்றுப் போட்டுவிட்டாள்.

நவம்பர் 27, புதன்

மேட்டுக் காட்டேஜ் வரை நடந்து பார்த்தேன். போன வருடம் கௌதம் மேட்டை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய இரண்டு கண்ணாடி வீடுகள். படுத்தபடியே பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். அதற்குத்தான் இப்போது கூட்டம், பழைய பங்களா அறைகளை யாரும் கேட்பதில்லை. அங்கே போகிற ஒற்றையடிப் பாதை வெட்டிய மண்சுவரை ஒட்டியே போகிறது. அந்தச் சுவரின் அடியில் தண்ணீர் கசிகிறது. தெளிந்த ஊற்றுத் தண்ணீராக இருந்தால் பரவாயில்லை. சேறாக வருகிறது.

சாப்பிடும்போது கௌதமிடம் சொன்னேன்.

"இன்ஜினியர் பாத்துட்டுத்தான் போனாரு. மழைக்குக் கசியாம இருக்குமா?"

"மரத்த வேற எடுத்துட்ட."

"வியூவை மறைச்சுதும்மா."

மீன் குழம்பில் புளி கூடிவிட்டது.

டிசம்பர் 3, செவ்வாய்

கசிவு அப்படியே இருக்கிறது. அறைகள் பாதி காலி.

டிசம்பர் 10, செவ்வாய்

வங்காள விரிகுடாவில் தாழ்வு நிலை என்று டிவியில் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை கார்த்திகை தீபம். விளக்குகளைத் தேய்க்கச் சொன்னேன்.

டிசம்பர் 11, புதன்

காலையிலிருந்து விடாத மழை. வி.ஏ.ஓ. போன் செய்தார். சரிவில் கட்டின இடங்களில் ஆட்களைத் தங்கவைக்க வேண்டாம், இரண்டு நாள் மூடிவையுங்கள் என்றாராம். கௌதம் "ஆகட்டும் சார்" என்றான். போனை வைத்துவிட்டு, சென்னையிலிருந்து வந்தவர்களை மேட்டுக் காட்டேஜுக்கே அனுப்பினான். கைக்குழந்தையோடு ஒரு சின்னக் குடும்பம்.

"பங்களாவுல ரெண்டு ரூம் காலியாத்தான இருக்கு" என்றேன்.

"அவங்க புக் பண்ணினது அந்த வியூவுக்கு. இங்க போட்டா ரிவ்யூல கிழிப்பாங்க. மழை நாளைக்கு விட்டுரும்மா."

அந்தக் குழந்தையைப் பார்த்தேன். பெண். தலையில் மஞ்சள் குல்லாய். என் கைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

காலையில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் பங்களாவுக்கு மட்டும்தான். காற்று தாழ்வாரத்து ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டே இருக்கிறது. கீழே பாதையில் மரம் விழுந்துவிட்டதாம், பால் வண்டி வரவில்லை. இரண்டாயிரத்துப் பதினெட்டில் கூரையையே தூக்கிக்கொண்டு போன காற்றை விட இது குறைவுதான். ஆனால் மழை அதை விட அதிகம்.

மத்தியானம் எல்லாருக்கும் ரசம் சாதம், அப்பளம். கௌதம் ஆட்களோடு கேட்டில் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் மேட்டுக் காட்டேஜிலிருந்து இன்டர்காம். அந்தக் குழந்தையின் அம்மா பேசினாள். கெட்டில் ஓடவில்லை, பால் பவுடர் கரைக்கச் சுடுதண்ணீர் இல்லை, காலையிலிருந்து குழந்தை சரியாகக் குடிக்கவில்லை என்றாள். பின்னால் குழந்தை அழுதது. வீறிட்டு அழவில்லை, அழுது அழுது ஓய்ந்த பிறகு விட்டு விட்டு வருமே, அந்த அழுகை.

ஃபிளாஸ்கை நிரப்பி பாண்டியம்மாளிடம் கொடுத்தேன்.

"மழ கொஞ்சம் வெறிக்கட்டுமே பெரியம்மா. பாதையில தண்ணி ஓடுது" என்றாள்.

"பச்சப்புள்ள பாலுக்கு அழுவுது. மழை வெறிக்கிற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்குமா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

கோணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்கைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

இன்னும் திரும்பவில்லை. இன்டர்காமில் மணி போகவில்லை. அங்கேயே அவர்களோடு இருக்கிறாள் போலிருக்கிறது. இருக்கட்டும், இந்த மழையில் இப்போது இறங்கி வர வேண்டாம்.

இருட்டப் போகிறது. கௌதமை அனுப்பியிருக்கிறேன்.

டிசம்பர் 13, வெள்ளி

காலையில் எடுத்தார்கள்.

மண்சுவர் பாதை மேல் முழுவதுமாக இறங்கிவிட்டது. காட்டேஜுக்கு ஒன்றுமில்லை. குழந்தைக்கும் ஒன்றுமில்லை. நான் அவளை அனுப்பியிருக்க வேண்டாம்.

விளக்கு ஏற்றவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

மழை நின்றுவிட்டது. தமிழரசி வந்து அம்மாவைக் கொண்டுபோனாள். பண்ணைக்காட்டில் அவர்கள் ஆட்கள் இருக்கிறார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுதுகொண்டிருந்ததால் என்னைப் பார்த்தாளா தெரியவில்லை.

சென்னைக்காரர்கள் போய்விட்டார்கள். அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுடுதண்ணீர் கேட்டதால்தானே என்றாள். இல்லை, இல்லை என்றேன்.

மத்தியானம் கௌதம் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பாவம், இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

"அம்மா, நாளைக்கு விசாரணைக்கு வருவாங்க. காட்டேஜ் ரெண்டையும் புதன்கிழமையே மூடிட்டோம். கெஸ்டை பங்களாவுக்கு மாத்திட்டோம். அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

"அவங்க அங்கதானடா இருந்தாங்க."

"அவங்ககிட்டப் பேசிட்டேன். அவங்களும் இதுல மாட்டிக்க விரும்பல."

"அப்ப பாண்டியம்மா ஏன் அங்க போனான்னு கேப்பாங்கல்ல?"

"கம்பளி. காட்டேஜ் பின்னாடி கொடியில கம்பளி கிடந்துச்சு. நனையுதேன்னு அவளா ஓடிட்டா. நீங்க போகாதன்னு கூப்பிட்டீங்க."

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

"நீங்க அனுப்பினேன்னு சொல்லுங்க, நான் தடுக்கல" என்றான். "மூடின இடத்துக்கு எதுக்கு அனுப்பினீங்கன்னு அடுத்து கேப்பாங்க. அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாச்சு."

அவன் சத்தம் போடவில்லை. சின்ன வயதில் காய்ச்சலாக இருக்கும்போது பேசுவானே, அந்த மாதிரி மெதுவாகத்தான் சொன்னான்.

டிசம்பர் 16, திங்கள்

அதிகாரி வந்தார். நல்ல மனிதர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். கம்பளி எடுக்கப் போனாள் என்று சொன்னேன். கூப்பிட்டீர்களா என்று கேட்டார். கூப்பிட்டேன் என்றேன்.

கம்பளிகள் கொடியில் கிடந்தது உண்மைதான். மண்ணோடு எடுத்து வந்து போட்டிருக்கிறார்கள். துவைத்தாலும் போகாது.

டிசம்பர் 19, வியாழன்

பாத்திரம் தேய்க்க ஆள் கிடைக்கவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் வீட்டில் வேலை இருக்கிறது என்கிறார்கள். கௌதம் ஒட்டன்சத்திரத்திலிருந்து இரண்டு பேரை வரவழைத்திருக்கிறான். உப்பு எங்கே இருக்கிறது, சோப்பு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாண்டியம்மாளிடம் எதையும் இரண்டாம் முறை சொன்னதில்லை.

டிசம்பர் 23, திங்கள்

யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு அவள் மேட்டுப் பாதையிலேயே போயிருக்க வேண்டியதில்லை. தண்ணீர்த்தொட்டிப் பக்கமாகச் சுற்றிப் போயிருக்கலாம். கொஞ்சம் தூரம், அவ்வளவுதான். நான் எந்த வழியாகப் போ என்று சொல்லவில்லை. அவளுக்கு எப்போதுமே எதிலும் ஒரு அவசரம் உண்டு.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அறைகள் நிறைந்துவிட்டன. செய்தியில் வந்ததால் ஆள் வராது என்று கௌதம் பயந்தான். வந்துவிட்டார்கள்.

டிசம்பர் 28, சனி

இன்று காரியம். நான் போகவில்லை. முழங்கால் வலி. ஒரு பட்டுச்சேலையும் அரிசி மூட்டையும் கொடுத்தனுப்பினேன். வண்டி திரும்பி வந்தபோது இரண்டும் அதிலேயே இருந்தன. வீட்டில் ஆள் இல்லை என்று டிரைவர் சொன்னார். காரியம் நடக்கிற வீட்டில் ஆள் இல்லாமல் போவார்களா?

ஜனவரி 1, புதன்

பொங்கல் விழாவைச் சின்னதாக வைத்துக்கொள்ளலாம் என்கிறான் கௌதம். படத்தை நிறுத்திவிடு என்றேன். இப்போது நிறுத்தினால்தான் சந்தேகம் வரும் என்றான். இந்த வருடத்துப் புயலையும் கடைசியில் சேர்க்கப் போகிறானாம். விழுந்த மரத்தை எல்லாரும் சேர்ந்து வெட்டுவதை ஜெரால்டு எடுத்திருக்கிறார்.

ஜனவரி 4, சனி

மத்தியானம் மூன்று மணிக்குத் தமிழரசி வந்தாள். தனியாக வந்திருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி மேலே நடந்தே வந்திருக்கிறாள். செருப்பெல்லாம் செம்மண்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வாங்கி மேசையில் வைத்தாள். முகவாய் அப்படியே அம்மா. படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். மே மாதம் முடிகிறது என்றாள். முடித்துவிட்டு இங்கேயே ஆபீஸில் இருந்துகொள்ளலாம், கௌதம் ஏற்பாடு செய்வான் என்றேன்.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு எங்கம்மா ஏன் அங்க போச்சு?"

"கம்பளி நனையுதுன்னு ஓடுனா தாயி. நான் கூப்பிட்டேன்."

"கம்பளி எடுக்கவா?"

"ஆமா."

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா போற வழியில எனக்குப் போன் பண்ணுச்சு. எப்பவும் அந்த நேரத்துக்குப் பண்ணும், பேசிக்கிட்டே நடக்கும். பெரியம்மா சுடுதண்ணி குடுத்துவிட்டாக, மேட்டு வீட்டுல பச்சப்புள்ள அழுவுது, குடுத்துட்டு வந்து பேசுறேன்டின்னு சொல்லுச்சு. சாப்பிட்டியான்னு கேட்டுச்சு. சாப்பிட்டேன்னு சொல்றதுக்குள்ள கட்டாயிருச்சு. டவர் போயிருச்சுன்னு நெனச்சேன்."

வாசலில் யாரோ காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வலது, வலது என்று டிரைவர் கத்திக்கொண்டிருந்தார்.

"மழைச் சத்தத்துல நீ தப்பாக் கேட்டிருப்ப" என்றேன்.

"இருக்கலாம்" என்றாள்.

எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். கதவுவரை போய்விட்டுத் திரும்பினாள்.

"நான் அனுப்புனேன்னு நீங்க சொல்லியிருந்தா எனக்குக் கோவமே வந்திருக்காது பெரியம்மா. அம்மா வேலைதான அது. அந்தப் புள்ள பால் குடிச்சுச்சான்னு மட்டும் கேட்டுட்டுப் போயிருப்பேன்."

போய்விட்டாள். நான் பின்னாலேயே போய்ப் படிவரை நின்றேன். கூப்பிடவில்லை.

குழந்தை அன்று பால் குடித்ததா என்று எனக்கும் தெரியாது.

ஜனவரி 9, வியாழன்

தமிழரசி புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். மறுபடி என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கௌதம்தான் கொடைக்கானலுக்குக் காரில் அழைத்துப் போனான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளிருதா என்று மட்டும் கேட்டான்.

அவளுடைய போனில் அம்மா பேசிய நேரம் இருக்கிறது. என்ன பேசினார்கள் என்பது இல்லை. மகள் துக்கத்தில் இருக்கிறாள், எதையோ எதோடோ சேர்த்து நினைத்துக்கொள்கிறாள் என்றேன். சொல்லும்போது அது சரியாகவே பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. காலை இழுத்துக்கொண்டு வழிவிட்டாள்.

திரும்பும்போது கௌதம் பெருமாள்மலையில் வண்டியை நிறுத்தி எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தான். வேண்டாம் என்றேன். வாங்கிவிட்டான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். விழா நடந்தது. படம் போட்டார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். சுகந்தியின் பெயரைச் சேர்த்திருக்கிறான். எழுத்துப்பிழையோடு.

ஜனவரி 17, வெள்ளி

தெளிவான வானம். பள்ளத்தாக்கு கடைசிவரை தெரிகிறது. பங்களா நிறைந்திருக்கிறது. மேட்டுக் காட்டேஜ் பாதைக்குக் கல்சுவர் வைக்கிறார்கள். ஏப்ரலில் திறந்துவிடலாமாம்.

காலைச் சாப்பாட்டின்போது மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் புயலைப் பற்றிக் கேட்டது. டீச்சர் போலிருக்கிறது அந்த அம்மா, மெதுவாகத் தணிந்த குரலில் கேட்டார். "இங்க ஒரு பொம்பளை மண்ணுல போயிட்டாங்களாமே, பேப்பர்ல பாத்தோம். அந்த மழையில அவங்க ஏங்க அங்க போகணும்?"

இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். நல்லவள், விடுதிச் சாமானைத் தன் சாமான் போலப் பார்ப்பாள், கம்பளி நனையப் பொறுக்காமல் ஓடினாள் என்றேன். அவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

நான் கூப்பிட்டேன், கேட்காமல் போய்விட்டாள் என்றுதான் இதுவரை எல்லாரிடமும் சொல்லிவந்தேன். இன்று, வாசல்வரை ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டுப் போனாள் என்றும் சொன்னேன்.